கடவுச்சொல்லை யாரிடம் ஒப்படைப்பது?

கணிப்பொறித் திரையில் ஒரு சிறு கேள்வி தோன்றுகிறது. "இந்தக் கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா?" என்று உலாவி நம்மைக் கேட்கிறது. கையிலிருக்கும் வேலையை முடிக்கும் விரைவில் பலர் "சேமி" என்பதை அழுத்திவிட்டு மேலே செல்கின்றனர். சிலர் ஏதோ ஓர் அச்சத்தால் "வேண்டாம்" என்பதை அழுத்துகின்றனர். ஏன் அவ்வாறு செய்தோம் என்று இரு சாராரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு நொடியில் விடை சொல்லிவிடும் இக்கேள்விக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றை ஓரளவேனும் அறிந்தவரே அதற்கு அறிவோடு விடையளிக்க முடியும் என்பது என் கருத்து. அதனை மாணவச் செல்வங்களாகிய உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கடவு என்றால் வழி. வழி விடுவதற்கு அடையாளமான சொல் கடவுச்சொல். நம் இலக்கணத்தில் தகுதி வழக்கு மூன்று என்று படித்திருப்பீர்கள். அவற்றுள் குழூஉக்குறி ஒன்று. ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் பொருள் விளங்குமாறு வழங்கும் சொல் அது. கடவுச்சொல்லையும் குழூஉக்குறியின் உறவினன் என்றே சொல்லலாம். பிறருக்குத் தெரியாதவரை அதற்கு வலிமை உண்டு. தெரிந்துவிட்டால் அது வெறும் சொல்.

பழைய உரோமானியப் படையில் இச்சொல்லை எவ்வளவு கருத்தாகக் காத்தனர் என்பதைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் விரித்துரைத்திருக்கிறார். கதிரவன் மறையும் நேரத்தில், படைப்பிரிவுகளில் கடைசிப் பிரிவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு வீரன் தலைவனின் கூடாரத்துக்குச் செல்வான். அன்றிரவுக்குரிய சொல் எழுதப்பட்ட மரப்பலகை அவனிடம் கொடுக்கப்படும். அவன் தன் பிரிவுக்குத் திரும்பி, சாட்சிகளின் முன்னிலையில் அடுத்த பிரிவின் தலைவனிடம் அதை ஒப்படைப்பான். இவ்வாறு கைமாறிக் கைமாறி முதற்பிரிவை அடைந்த பலகை, இருட்டுவதற்குள் மீண்டும் தலைவனிடம் வந்து சேரவேண்டும். ஒரு பலகை குறைந்தாலும், அது எங்கே தங்கிற்று என்பதை அப்பலகைகளில் இட்ட குறிகளைக் கொண்டு கண்டுபிடித்துவிடுவர். தவறியவனுக்குத் தண்டனை உண்டு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சொல் என்ன என்பதைவிட, அது எழுதப்பட்ட பலகை இப்பொழுது யார் கையில் இருக்கிறது என்பதிலேயே உரோமானியர் கவலை மிகுதியாக இருந்தது. கடவுச்சொல்லின் வரலாறு முழுவதிலும் இந்தக் கவலை தொடர்ந்து வருகிறது. சொல்லை எழுதி வைத்த இடமே அதன் பலவீனமான இடம்.

இனி இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு புதுமை செய்துகாட்டப்பட்டது. ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்தும் முறை அது. அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் பெர்னாண்டோ கொர்பாட்டோ. பொறி ஒன்று, பயன்படுத்துவோர் பலர் என்றான பிறகு, ஒருவருடைய கோப்பை மற்றவர் பாராதிருக்க ஒரு வழி தேவைப்பட்டது. ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தனர். கணிப்பொறிக்குள் கடவுச்சொல் புகுந்தது இவ்வாறுதான்.

வீட்டுக்குக் கதவு வைத்த அன்றே திருடனும் வந்துவிட்டான் என்பது போல, அடுத்த ஆண்டே அந்தப் பாதுகாப்பு உடைந்தது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு ஒதுக்கப்பட்டிருந்த கணிப்பொறி நேரம் போதவில்லை. எல்லாருடைய கடவுச்சொற்களும் ஒரு கோப்பில் வெளிப்படையாக எழுதி வைக்கப்பட்டிருந்தன. எந்தக் கோப்பையும் அச்சிட்டுத் தருமாறு துளையட்டை மூலம் கேட்டுக்கொள்ளும் வசதி அங்கே இருந்தது. 1962ஆம் ஆண்டு அவர் அந்தக் கோப்பின் பெயரைத் துளையட்டையில் இட்டுக் கொடுத்தார். அச்சான பட்டியல் அவர் கைக்கு வந்தது. பிறருடைய பெயரால் உள்ளே சென்று தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். இதனை அவரே பல ஆண்டுகள் கழித்து வெளிப்படையாகக் கூறியிருக்கிறார்.

அதே கணிப்பொறியில் பின்னர் நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சி இன்னும் வியப்பானது. நாள்தோறும் பொறியைத் திறப்போர் அனைவருக்கும் ஓர் அறிவிப்புச் செய்தி காட்டப்படும். ஒரு நாள் ஓர் அலுவலர் அந்த அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே வேளையில் மற்றோர் அலுவலர் கடவுச்சொற் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். திருத்தும் நிரல், இருவருடைய வேலைக்கும் ஒரே பெயருடைய தற்காலிகக் கோப்பைப் பயன்படுத்திற்று. இரண்டும் இடம் மாறின. அதன் பிறகு உள்ளே வந்த ஒவ்வொருவர் கண்முன்னும், அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக அனைவருடைய கடவுச்சொற்களும் வரிசையாக வந்து நின்றன. யாரும் திருடவில்லை, யாரும் தீங்கு நினைக்கவுமில்லை. ஆயினும் மறைபொருள் அனைத்தும் வெளியாயிற்று.

இந்நிகழ்ச்சிகளிலிருந்து அறிஞர்கள் ஒரு பாடம் கற்றனர். கோப்பை எவ்வளவுதான் காத்தாலும் ஒருநாள் அது வெளியாகும். ஆகவே, வெளியானாலும் பயன்படாதவாறு அதனை எழுதி வைக்கவேண்டும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஜர் நீடம் இதற்கு வழி கண்டார். அவருடைய கருத்தை 1968இல் வெளிவந்த நூலொன்றில் மோரிஸ் வில்க்ஸ் எடுத்துரைத்தார். மஞ்சளையும் சுண்ணாம்பையும் கலந்தால் சிவப்பு நிறம் வரும். கலவையைப் பார்த்து அது எவற்றால் ஆயிற்று என ஊகிக்கலாம். ஆனால் அதிலிருந்து பழைய மஞ்சளை மீட்க முடியுமா? அதுபோலக் கடவுச்சொல்லை ஒருவழிக் கணக்கொன்றினால் மாற்றி, மாறிய வடிவத்தை மட்டுமே கோப்பில் எழுதுவர். நாம் மறுநாள் சொல்லைத் தட்டும்போது, அதையும் அதே கணக்கினால் மாற்றி இரண்டும் ஒன்றா என்று பார்ப்பர். ஆக, நம் சொல்லை அறியாமலே நம்மை அடையாளம் காணும் வாயிற்காவலன் உருவாகிவிட்டான்.

அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கியவர்கள் இம்முறையைக் கையாண்டனர். அவர்களுள் ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் ஆகிய இருவரும் 1979இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மக்கள் தாமே தேர்ந்துகொண்ட 3,289 கடவுச்சொற்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். அவற்றுள் 15 ஒரே எழுத்தாலானவை. 72 இரண்டே எழுத்துகளாலானவை. 464 மூன்று எழுத்துகளாலானவை. அகராதிச் சொற்களையும் பெயர்களையும் சேர்த்துப் பார்த்தபோது, நூற்றுக்கு எண்பத்தாறு சொற்களை எளிதில் கண்டுபிடிக்க முடிந்தது. பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்தென்ன? எல்லாரும் ஒரேவிதமான சாவியைச் செய்துகொண்டால் பூட்டினால் பயனில்லை. ஆகவே அவர்கள் ஒவ்வொரு சொல்லோடும் ஒரு தற்செயல் எண்ணைச் சேர்த்து மாற்றும் முறையை விளக்கினார்கள். அதற்கு உப்பு என்று பெயரிட்டார்கள். ஒரே சொல்லை இருவர் வைத்திருந்தாலும், உப்பு வேறாதலால் கோப்பில் இரண்டும் வேறுவேறாகத் தோன்றும்.

காலம் ஒரு விந்தையான விளையாட்டு ஆடிற்று. 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், இணையத்தில் தானாகப் பரவும் புழு நிரலொன்று ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை நிலைகுலையச் செய்தது. அது பரவிய வழிகளுள் ஒன்று கடவுச்சொல்லை ஊகிப்பது. 432 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலை அது தன்னுள் வைத்திருந்தது. அதனை எழுதிய மாணவர், கடவுச்சொற் கட்டுரை எழுதிய அதே ராபர்ட் மாரிஸின் மகன். தந்தை எச்சரித்த பலவீனத்தின் வழியே மகனுடைய நிரல் நுழைந்தது.

இதுவரை நாம் பார்த்தது வாயிற்காவலனிடம் இருக்கும் பட்டியலின் வரலாறு. இனி, நம்மிடம் இருக்கும் பட்டியலின் வரலாற்றுக்கு வருவோம். அதுவே நம் கேள்விக்கு நேர்த் தொடர்புடையது.

டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய உலகளாவிய வலை 1990களில் மக்களிடையே பரவிற்று. அதற்கு முன் ஒருவருக்கு ஒரு கணிப்பொறி, ஒரு கடவுச்சொல் என்று இருந்தது. வலை வந்தபின் அஞ்சலுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, புகைவண்டிச் சீட்டுக்கு ஒன்று, புத்தகக் கடைக்கு ஒன்று எனப் பெருகிற்று. மைக்ரோசாப்ட் நிறுவன ஆராய்ச்சியாளர் இருவர், ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேரின் பழக்கத்தை மூன்று மாத காலம் கண்டறிந்து 2007இல் வெளியிட்டனர். சராசரியாக ஒருவருக்கு 25 கணக்குகள் இருந்தன; ஆனால் கடவுச்சொற்களோ ஆறு அல்லது ஏழுதான். அதாவது ஒரே சாவியை நான்கு கதவுகளுக்கு வைத்துக்கொண்டிருந்தனர்.

இதில் என்ன தீங்கு என்று கேட்கலாம். 2009ஆம் ஆண்டு டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 இலட்சம் கடவுச்சொற்கள் களவாடப்பட்டன. அவை ஒருவழிக் கணக்கினால் மாற்றப்படாமல், 1962ஆம் ஆண்டில் இருந்ததைப் போலவே, வெளிப்படையாக எழுதி வைக்கப்பட்டிருந்தன! நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் கற்ற பாடத்தை அந்நிறுவனம் கற்கவில்லை. இப்படி ஓரிடத்தில் கிடைத்த சொல்லை எடுத்துக்கொண்டு, கள்வர் அதே பெயரால் வங்கியிலும் அஞ்சலிலும் முயன்று பார்ப்பர். விளையாட்டுத் தளத்துக்கும் வங்கிக்கும் ஒரே சொல்லை வைத்தவர், விளையாட்டுத் தளத்தின் கவனக்குறைவுக்காக வங்கிப் பணத்தை இழப்பார்.

ஆகவே ஒவ்வொரு கதவுக்கும் தனிச்சாவி வேண்டும். ஆனால் நீண்டதும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாததுமான இருபத்தைந்து சொற்களை நினைவில் வைப்பது யாருக்கு இயலும்? அட்டாவதானிகளும் தடுமாறும் வேலை அது. இங்கேதான் உலாவி முன்வந்து, "நான் வைத்துக்கொள்கிறேன்" என்றது. 1990களின் இறுதிக்குள் உலாவிகளில் இவ்வசதி தோன்றிவிட்டது. 2004இல் பயர்பாக்சும் 2008இல் குரோமும் வெளிவந்தபோது, கடவுச்சொல்லைச் சேமிப்பது உலாவியின் இயல்பான வேலை என்றே ஆகிவிட்டது.

உலாவி அதனை எவ்வாறு வைத்துக்கொள்கிறது? வாயிற்காவலனைப் போல ஒருவழிக் கணக்கினால் மாற்றி வைக்க உலாவியால் இயலாது. ஏனெனில், மறுநாள் அச்சொல்லை அப்படியே எடுத்துத் தளத்துக்குக் கொடுத்தாக வேண்டும். ஆகவே, மீண்டும் திறக்கக்கூடிய வகையில் மறையாக்கம் செய்து கோப்பில் வைக்கிறது. பெட்டி பூட்டியிருக்கிறது. ஆனால் சாவி எங்கே? விண்டோஸ் இயங்குதளத்தில் குரோம் உலாவி அந்தச் சாவியைக் காக்கும் பொறுப்பை இயங்குதளத்திடமே விட்டது. நீங்கள் உங்கள் பெயரால் கணிப்பொறியைத் திறந்தவுடன், உங்கள் பெயரால் இயங்கும் நிரல்களுக்கு அச்சாவி கிடைக்கும். பயர்பாக்ஸ் சாவியைத் தனிக் கோப்பில் வைத்தது. விரும்புவோர் அதற்கு மேல் ஒரு முதன்மைக் கடவுச்சொல் இட்டுக்கொள்ளலாம் என்றது. இடாதவருடைய கோப்புகள் இரண்டும் சேர்ந்து ஒருவர் கையில் சிக்கினால் பெட்டி திறந்துவிடும்.

2013ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இதுபற்றிப் பெரியதொரு வாதம் எழுந்தது. குரோம் உலாவியின் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று ஒரு பொத்தானை அழுத்தினால், சேமித்த சொற்கள் எழுத்து எழுத்தாகத் தெரிகின்றனவே, இது தகுமா என்று நிரலாளர் ஒருவர் கேட்டார். குரோம் பாதுகாப்புக் குழுவின் தலைவர் அதற்கு விடையிறுத்தார். உங்கள் பெயரால் திறந்த கணிப்பொறியின் முன் ஒருவன் அமர்ந்துவிட்டால், அவன் எதையும் செய்ய முடியும். அந்நிலையில் இன்னொரு கடவுச்சொல்லைக் கேட்பது பொய்யான பாதுகாப்பு உணர்வையே தரும் என்பது அவருடைய கருத்தின் சாரம். வலையைத் தந்த பெர்னர்ஸ்-லீயே இவ்வாதத்தில் கலந்துகொண்டார். அக்காளின் கடவுச்சொற்களை எடுத்துக்கொள்ள இது நல்ல வழி என்று எள்ளி, குரோம் குழுவின் மறுமொழி ஏமாற்றமளிப்பதாகக் கூறினார்.

இருவருள் யார் கூற்றுச் சரி? இதைத் தீர்மானிக்க, எனக்குப் பழக்கமான ஓர் ஒப்புமையைக் கூறுகிறேன். பொதுத்தேர்வு வினாத்தாள்களைக் கட்டுக்காப்பு மையத்தில் இரட்டைப் பூட்டிட்டு வைப்பது வழக்கம். சாவிகள் இருவரிடம் இருக்கும். காவலர் வெளியே நிற்பார். தேர்ந்த கொள்ளையர் கூட்டம் வந்தால் இரண்டு பூட்டையும் உடைத்துவிடலாம் என்பது உண்மையே. அதனால் பூட்டே வேண்டாம் என்று எந்தக் கல்வி அதிகாரியும் சொன்னதில்லை. கொள்ளையனைத் தடுக்க ஒரு காவல். ஆசை மேலிட்டு எட்டிப் பார்க்கும் அறிமுகமானவனைத் தடுக்க வேறொரு காவல். குரோம் குழுவினர் கொள்ளையனைப் பற்றிச் சொன்னது சரி. பெர்னர்ஸ்-லீ வீட்டாரைப் பற்றிச் சொன்னதும் சரி. பின்னர் குரோமும், சேமித்த சொல்லைக் காட்டுமுன் கணிப்பொறியின் கடவுச்சொல்லைக் கேட்கலாயிற்று.

இவ்வளவு குறை உள்ளதென்றால் உலாவியை ஒதுக்கிவிடலாமே எனத் தோன்றும். ஒரு காலத்தில் வங்கிகள் அவ்வாறே எண்ணின. தம் தளத்தின் கடவுச்சொல்லைச் சேமிக்கலாகாது என்று உலாவிக்கு ஆணையிட்டன. 2013, 2014ஆம் ஆண்டுகளில் உலாவி செய்வோர் அந்த ஆணையைப் புறக்கணிக்கத் தொடங்கினர். சேமிக்க விடாவிட்டால் மக்கள் எளிய சொல்லை வைப்பார்கள், எல்லாவிடத்தும் அதையே வைப்பார்கள் என்பது அவர்கள் கூறிய காரணம். மாரிஸும் தாம்சனும் 1979இல் கண்டதை நினைத்துப் பாருங்கள். அக்காரணத்தின் வலிமை விளங்கும். பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையமும், கடவுச்சொற்களை உலாவியில் சேமிக்குமாறு பொதுமக்களுக்கு அறிவுரை கூறியிருக்கிறது.

உலாவிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. வங்கியின் தளத்தைப் போலவே தோன்றும் பொய்த்தளம் ஒன்றைக் கள்வர் அமைப்பர். முகவரியில் ஓர் எழுத்து மாறியிருக்கும். நம் கண் அதைக் கவனிக்காது. உலாவி முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதால், அது வேறு தளம் என்றறிந்து கடவுச்சொல்லைக் கொடாது நிற்கும். எப்போதும் தானாக நிரம்பும் பெட்டி ஒரு நாள் நிரம்பாதிருந்தால், "என்ன காரணம்?" என்று நின்று நிதானிக்கும் மாணவன் பெரும் இழப்பிலிருந்து தப்புவான்.

ஆனால் கேளாமலே நிரப்புவதிலும் ஒரு தொல்லை உண்டு. 2017ஆம் ஆண்டு டிசம்பரில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அதனை வெளிப்படுத்தினார்கள். சில விளம்பர நிறுவனங்களின் நிரல்கள், பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பெட்டியொன்றை வைத்தன. உலாவி அதனை மெய்யான உள்நுழைவுப் பெட்டி என்று கருதி நிரப்பிற்று. அதிலிருந்த மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு, இவர் இன்னார் என்று அந்நிரல்கள் அடையாளங்கண்டு பின்தொடர்ந்தன. அதே வழியில் கடவுச்சொல்லையும் எடுக்க முடியும் என்பதே அறிஞர்களின் கவலை.

எல்லாவற்றினும் பெரிய ஆபத்து வேறு. இலவச விளையாட்டு என்றும், விலையுயர்ந்த மென்பொருளின் திருட்டுப்படி என்றும் பெயர் சூட்டித் தீநிரல்கள் உலவுகின்றன. அவற்றை நாமே விரும்பி இறக்கி இயக்குகிறோம். நம் பெயரால் இயங்கும் நிரலுக்குப் பெட்டியின் சாவி கிடைக்கும் என்று முன்னர்ச் சொன்னேன் அல்லவா? தீநிரலும் நம் பெயரால்தான் இயங்குகிறது. சில நொடிகளில் சேமித்த சொற்கள் அனைத்தையும் வாரிக்கொண்டு செல்கிறது. 2020ஆம் ஆண்டில் தோன்றிய ரெட்லைன் என்பது இவ்வகையில் பெயர் பெற்றது. அதன் கட்டமைப்பைப் பல நாட்டுக் காவல்துறையினர் சேர்ந்து 2024 அக்டோபரில் முடக்கினர். இவ்வகைக் களவுப் பொருள்களை விற்ற ஜெனிசிஸ் என்ற இணையச் சந்தை 2023 ஏப்ரலில் மூடப்பட்டது. 2024 ஜூலையில் குரோம் உலாவி, விண்டோஸில் தன் இரகசியங்களைப் பிற நிரல்கள் எளிதில் கேட்டுப் பெறாதவாறு ஒரு புதிய காவலை அமைக்கத் தொடங்கிற்று. சில மாதங்களுக்குள்ளேயே அதனையும் சுற்றிச் செல்லும் வழிகளைக் கள்வர் தேடிக்கொண்டனர். பூட்டுக்கும் கள்ளச்சாவிக்கும் நடக்கும் போட்டி இன்னும் ஓயவில்லை.

வீட்டுக் கணிப்பொறியில் சேமித்தது கைப்பேசியிலும் கிடைக்கவேண்டும் என்று விரும்பினோம். ஆகவே கூகுள் முதலிய கணக்குகளின் வழியே சொற்கள் எல்லாக் கருவிகளிலும் ஒத்திசைக்கப்படலாயின. வசதிதான், ஆனால் அந்த ஒரு கணக்கு, அனைத்துக்கும் தலைச்சாவியாகிவிட்டது. 2022ஆம் ஆண்டு மே மாதம் சிஸ்கோ நிறுவனத்தின் வலையமைப்பில் அயலார் புகுந்தனர். எவ்வாறு? அந்நிறுவன ஊழியர் ஒருவரின் சொந்தக் கூகுள் கணக்கை முதலில் கைப்பற்றினர். அலுவலகக் கடவுச்சொல் அவ்வூழியரின் உலாவியிலிருந்து அக்கணக்கில் ஒத்திசைந்து கிடந்தது. 2023இல் ஆக்டா நிறுவனத்திலும் இதையொத்த நிகழ்ச்சி உண்டாயிற்று. அலுவலகக் கணினியில் ஊழியர் ஒருவர் தம் சொந்தக் கூகுள் கணக்கைத் திறந்து வைத்திருந்தார். அலுவலகச் சேவைக் கணக்கொன்றின் கடவுச்சொல் அதில் சேமிக்கப்பட்டிருந்தது. விளைவு, 134 வாடிக்கையாளர்களின் கோப்புகள் அயலார் கண்ணில் பட்டன. பிறருக்குப் பாதுகாப்பளிக்கும் தொழிலையே செய்யும் நிறுவனங்களின் நிலை இது.

இவையெல்லாம் எங்கோ அமெரிக்காவில் நடந்தவை, நமக்கென்ன என்று எண்ணவேண்டா. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர்கள் கல்லூரி விண்ணப்பத்துக்காக இணைய மையங்களுக்குச் செல்வதை நான் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். சொந்தக் கணிப்பொறி இல்லாதவர்களே அங்கே பெரும்பாலோர். ஒருமுறை எங்கள் பள்ளி மாணவி ஒருத்திக்குத் துணையாகச் சென்றிருந்தேன். அவள் தன் பெயரின் முதலெழுத்தைத் தட்டியதும், அதே எழுத்தில் தொடங்கும் வேறு பெயர்கள் பெட்டியின் கீழே வரிசையாக இறங்கின. ஒன்றைத் தொட்டதும் கடவுச்சொல்லும் புள்ளிகளாக நிரம்பிற்று. "ஐயா, இது வேறு யாருடையதோ. திறக்கக் கூடாது, இல்லையா?" என்று கேட்டு, உடனே அதை அழித்தாள். அவள் நல்லவள். ஆனால் அந்த நாற்காலியில் அடுத்து அமர்பவரும் அவளைப் போன்றவராகவே இருப்பார் என்பதற்கு என்ன உறுதி? முன்பு வந்து சென்ற அப்பிள்ளையின் கல்லூரித் தேர்வுப் பட்டியல், அடுத்து வருவோரின் நன்னெறியை நம்பிக் கிடந்தது. ஒருவர் வரிசையை மாற்றியிருந்தால், ஒரு குடும்பத்தின் நெடுநாள் உழைப்பு வீணாகியிருக்கும். அங்கே எந்தத் தீநிரலும் தேவையில்லை. "சேமி" என்ற பொத்தானில் தவறிப்பட்ட ஒரு விரலே போதும்.

உலாவியை விடுத்து, கடவுச்சொல் காப்பதற்கென்றே அமைந்த தனிப் பெட்டகங்களை நாடுவோரும் உளர். புரூஸ் ஷ்னையர் என்ற அறிஞர் 1997இல் அத்தகைய பெட்டகமொன்றை உருவாக்கினார். அதன்பின் பல தோன்றின. அவை ஒரு தலைமைச் சொல்லைக் கேட்டே திறக்கும் என்பது நன்மை. எனினும், அவற்றுள் பெயர் பெற்ற லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளரின் பெட்டகப் படிகளே களவு போயின என்பது 2022 டிசம்பரில் தெரியவந்தது. உறுதியான தலைமைச் சொல் வைத்தவருக்கு அப்போதும் அரண் இருந்தது. எளிய சொல் வைத்தவருக்கு இல்லை. பெட்டகத்தின் பெயரில் மட்டும் பாதுகாப்பு இல்லை.

கடவுச்சொல்லையே ஒழித்துவிடும் முயற்சியும் நடைபெறுகிறது. 2019 மார்ச்சில் வலைத் தரநிர்ணயக் கூட்டமைப்பு அதற்குரிய முறையொன்றை ஏற்றது. 2022 மே மாதத்தில் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட் மூன்றும் அதனை விரிவாக ஆதரிப்பதாக அறிவித்தன. இதில் தளத்துக்கு நாம் எந்த இரகசியத்தையும் அனுப்புவதில்லை. நம் கருவியில் ஒரு மறைசாவி தங்கும்; அதனோடு இணையான வெளிச்சாவி மட்டும் தளத்திடம் இருக்கும். தளத்தின் கோப்பு முழுதும் களவு போனாலும், கள்வனுக்கு நம் மறைசாவி கிடைக்காது. 1962இல் தொடங்கிய சிக்கலின் ஒரு பாதிக்கு இது நல்ல தீர்வு. மற்றப் பாதி, அதாவது நம் கருவியை நாம் காப்பது, நம்மிடமே எஞ்சி நிற்கிறது.

ஆகவே தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்பொழுது விடை கூறலாம். கணிப்பொறி உங்களுடையதா? அதனைத் திறக்கக் கடவுச்சொல் உண்டா? எழுந்து செல்லும்போது பூட்டிவிட்டுச் செல்கிறீர்களா? ஐயத்துக்குரிய நிரல்களை இறக்காதிருக்கிறீர்களா? இவை நான்குக்கும் ஆம் என்று சொல்லக்கூடியவர் உலாவியில் சேமிப்பது, ஒரே எளிய சொல்லை எல்லாவிடத்தும் வைப்பதைவிடப் பன்மடங்கு மேலானது. முதன்மைக் கடவுச்சொல் இட வசதி இருப்பின் இடுங்கள். ஒத்திசைவு செய்யும் கணக்குக்கு இரண்டாம் அடையாளச் சோதனையையும் வையுங்கள். வங்கிக்கும் முதன்மை மின்னஞ்சலுக்கும் உரிய சொற்களை மட்டும் சேமிக்காது நினைவில் வைப்பதும் நன்று. இரண்டு சொற்களை நினைவிற் கொள்ள யாராலும் இயலும்.

கணிப்பொறி பொதுவானதாயின், அது பள்ளியுடையதாகட்டும், நூலகத்தினதாகட்டும், நண்பனுடையதாகட்டும், விடை ஒன்றே. சேமிக்காதீர்கள். வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். தவறிச் சேமித்துவிட்டால் உலாவியின் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று அதனை நீக்குங்கள். வீடு சென்றதும் சொல்லையும் மாற்றிவிடுங்கள். பிறருடைய சொல் உங்கள் கண்ணில் பட்டால், அந்த மாணவி செய்தது போலச் செய்யுங்கள்.

உரோமானியத் தலைவன் இரவு சூழுமுன் தன் பலகைகள் அனைத்தும் திரும்பினவா என்று எண்ணிப் பார்த்தான். இரண்டாயிரம் ஆண்டுகளில் பலகை துளையட்டையாயிற்று, துளையட்டை கோப்பாயிற்று, கோப்பு இன்று நம் சட்டைப் பையிலிருக்கும் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. எண்ணிப் பார்க்கும் கடமை மட்டும் மாறவில்லை. இன்று வீட்டுக்குச் சென்றதும் உங்கள் உலாவியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அதில் எத்தனை சொற்கள் இருக்கின்றன, அவற்றுள் ஒன்றுபோல் இருப்பவை எத்தனை என்று எண்ணுங்கள். அந்தக் கணக்கைப் போட உங்களுக்குக் கால் மணி நேரம் போதும்.